மறுநாள் குழம்பு

அட, வாசல்லயே நின்னு விசாரிச்சா எப்படிங்க, உள்ள வாங்க. நாய் கொரைக்கும், கடிக்காது. எங்க வீட்டுல அதுக்கு மிச்சம்னு ஒண்ணும் கெடைக்கறதில்ல, அந்தக் கோவத்துல வர்றவங்கள எல்லாம் கொரைக்குது. இப்படி ஃபேனுக்கு நேரா உக்காருங்க. பன்னியா? சொல்றேன், சொல்றேன். அது எங்க ஓடிடப் போகுது, அதான் முழுசா சுட்டாச்சே. மொதல்ல ரெண்டு வாய் சாப்புடுங்க. சாப்ட்டாச்சா? மணி பதினொண்ணரைதான் ஆகுது, அது காலைச் சாப்பாட்டோட கணக்கு. எங்க வீட்டுப் படியேறுனவங்க கை நனைக்காமப் போனதில்லங்க. மீட்டர் பாக்க வர்றவரு மாசாமாசம் சரியா பன்னண்டு மணிக்குத்தான் வர்றாரு, எதுக்குன்னு நெனைக்கிறீங்க?

இந்தாங்க. சோறு பழைய சோறுதான், ஆனா பூண்டு போட்டு வறுத்தது. புதுச்சோத்த வறுத்தா கொழகொழன்னு போயிடும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜுல கெடந்து வெறைச்சிருக்கணும், அப்பத்தான் பருக்கை பருக்கையா உதிரும். கொழம்ப மேல ஊத்திக்கோங்க.

ஆமாங்க, முழுசா சுட்ட லெச்சோன் பன்னியில மிஞ்சுனத வினிகர்ல போட்டு வெச்ச பக்சியூதான். மறைக்கவே இல்லியே, தட்டுலயே போட்டுக் குடுத்துட்டேன். வாசனையைப் புடிச்சுக்கிட்டே வந்தீங்களா? அட, சரியான ஆளு நீங்க! ஒவ்வொரு வீடா தட்டிக் கேக்கறத விட்டுட்டு மூக்கைக் கேட்டிருக்கீங்க. திங்கக்கிழமை காலையில எந்த வீட்டுல வினிகரும் ஈரலும் ஒண்ணா கொதிக்குதோ, அந்த வீட்டுல ஞாயித்துக்கிழமை முழுப் பன்னி வெட்டியிருக்காங்கன்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க நம்ம காலனியில எந்தப் பக்கம்? ஃபேஸ் ரெண்டா? பேரு கோர்புஸா? பேரப்புள்ள ஞானஸ்நானத்துக்குன்னு சொல்லி வெச்ச பன்னியா? அடடா. வந்தவங்களுக்கு எதப் போட்டீங்க? நூடுல்ஸும் கோழி வறுவலும். ம். ஞானத்தகப்பன்மாரு மட்டும் பன்னண்டு பேரா. எல்லாரும் பன்னி எங்க, பன்னி எங்கன்னு கேட்டாங்களா.

கேக்க வேண்டிய எடத்துக்குத்தாங்க வந்திருக்கீங்க. ஆனா இத அடியிலேருந்து சொன்னாத்தான் வெளங்கும். நீங்க சாப்புடுங்க, நான் சொல்றேன். புளிப்பு சரியா இருக்கா? தென்னங்கள்ளு வினிகர். ஊத்துனதும் கரண்டியப் போடக் கூடாது, ஒரு கொதி வர்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். அவசரப்பட்டுக் கிண்டுனோம்னா பச்சை வாடை போகாது. மொத நாளு மொறுமொறுன்னு இருந்த தோலு மறுநாளு செருப்பு மாதிரி ஆயிடுதா, அதத் துண்டு போட்டு, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, மிஞ்சுன ஈரல் சாறு, கொஞ்சம் சக்கரை. என்னைக் கேட்டா மொத நாளு பன்னிய விட மறுநாளு கொழம்புதான் ஒசத்தி. மொத நாளு ஊருக்கு, மறுநாளு வீட்டுக்கு.

என் கை அப்படிங்க. ஒண்ணத் தூக்கிப் போடணும்னா வெளங்காது. வெள்ளிக்கிழமை கோழிய வினிகரும் சோயாவும் ஊத்தி அடோபோ வெக்கிறேன்னு வைங்க. சனிக்கிழமை அந்தக் கறிய நாரு நாராப் பிச்சு, எண்ணெயில மொறுமொறுன்னு வறுத்துடுவேன். ஞாயித்துக்கிழமை அது வறுத்த சோத்துல போயிடும். அதுலயும் மிஞ்சுச்சுன்னா திங்கக்கிழமை முட்டையில அடிச்சு அடையாத் தட்டிடுவேன். எங்க வீட்டுக்காரர் மார்செலோ, ஆளேத்தற ஜீப்னி வண்டி ஓட்டறாரு, வாய் கொஞ்சம் நீளம். ஆண்டவரே ஒரே ஒரு தடவதான் உயிர்த்தெழுந்தாரு, உன் கோழி மூணு தடவ எழுந்திருச்சுடுச்சேடின்னாரு. பாவம் பாவம்னு சிலுவை போட்டுக்கிட்டு, கையில இருந்த கரண்டியாலயே ஒண்ணு வெச்சேன். ஆனா அந்த அடையில எனக்குன்னு ஒரு துண்டு மிச்சம் வெக்கலங்க அந்த மனுசன்.

பொரிச்ச மீனு மிஞ்சுனா தக்காளிய வதக்கி, முட்டைய ஒடச்சு ஊத்தி அதுல போட்டுடுவேன். பாசிப்பயறு மிஞ்சுனா மசிச்சு வடை மாதிரி சுட்டுடுவேன். காஞ்ச ரொட்டின்னா பால்ல ஊற வெச்சு இனிப்பு. அடிபுடிச்ச சோறு இருக்குல்ல, அதக்கூட கருக வறுத்துப் பொடிச்சுக் காப்பி போட்டிருக்கேன். சிரிக்காதீங்க. மார்செலோ கால ஒடச்சுக்கிட்டு ஏழு மாசம் வீட்டுல கெடந்தப்ப அந்தக் காப்பியத்தான் குடிச்சோம். நாலு பேரு வயித்த அந்த ஃபிரிட்ஜுதான் காப்பாத்துச்சு. இருக்கறத எடுத்து இல்லாத மாதிரி காட்டாம, இல்லாதத இருக்கற மாதிரி காட்டறதுதாங்க சமையல்.

அந்த ஐஸ்கிரீம் டப்பாவா? தொறந்து பாருங்க. ஏன் தயங்குறீங்க, உங்க வீட்டுலயும் அதே கதைதானா? ஹா! இந்த ஊருல எவ வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவுல ஐஸ்கிரீம் இருந்திருக்கு. அது மத்தி மீனு. ஆனா அந்த டப்பாவாலதான் எம் பொண்ணு ஜொனலினுக்கு எம் மேல ஒரு வருத்தம். ஏழாவது படிக்கும்போது கூட்டாளிப் புள்ளைங்கள வீட்டுக்கு இட்டாந்தா. வாங்கடி, எங்க வீட்டுல ஐஸ்கிரீம் இருக்குன்னு பெருமையாத் தொறந்தா, நாலு மீனு அவளையே மொறச்சுப் பாக்குது. மறுநாளு பள்ளிக்கூடம் பூரா அவளுக்கு மீனுன்னே பேராயிடுச்சு. மதியச் சாப்பாட்டு டப்பாவையும் கூட்டாளிங்க எட்டிப் பாத்து, இன்னிக்கு எந்தக் கெழமைக் கறிடின்னு கேப்பாங்களாம். எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல அவ. பதினஞ்சு வருசம் கழிச்சுத்தான் வாயத் தொறந்தா. எப்பன்னு கேளுங்க. போன வாரம்.

அதத்தான் சொல்ல வர்றேன், பன்னிக்குத்தான் வர்றேன். கொஞ்சம் கொழம்பு விட்டுக்கோங்க, எலும்பக் கடிச்சுச் சாப்புடுங்க, யாரு பாக்கப் போறா.

நேத்து எங்க வீட்டுல பொண்ணு கேட்டு வந்தாங்க. ஜொனலினத்தான். பையன் பேரு ரேமார்க், லிபா ஊருல இரும்புக் கடை வெச்சிருக்கற குடும்பம். நல்ல பையன். ஆனா அவங்கம்மா கொஞ்சம் நிமிந்து நடக்கற ஆளு. ஆறு பேரு வர்றோம்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. ஜொனலின் ஒரு வாரத்துக்கு முன்னாடியே வந்து, இதோ நீங்க உக்காந்திருக்கற இந்த நாற்காலியில உக்காந்து, எங்கையப் புடிச்சுக்கிட்டா. அம்மா, அன்னிக்கு ஒரே ஒரு நாளு, நேத்தோட எதையும் மேசையில வெக்காதம்மா, எல்லாம் அன்னிக்கு வாங்கி அன்னிக்குச் செஞ்சதா இருக்கட்டும்மான்னா. அப்பத்தான் அந்த மீனு கதையெல்லாம் சொன்னா. சொல்லிட்டு அழுதா.

எனக்குச் சுருக்குனு இருந்துச்சுங்க. ஊசிப் போனதையா போட்டு வளத்தேன்? அந்தச் சோத்தத் தின்னுதானடி நீ பார்மசிப் படிப்புப் படிச்சேன்னு கேக்க வாய் வந்துச்சு. கேக்கல. சரிடி கண்ணுன்னேன். சொன்ன மாதிரியே செஞ்சேன். ஆறு பேருக்கு அளவா, கோழி புதுசு, மாட்டு வாலு புதுசு, நண்டுகூட உசுரோட வாங்குனேன். எங்க ஃபிரிட்ஜுல இருந்த டப்பா மொத்தம் பதினாலு, அத்தனையும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்குக் கொண்டு போயிட்டேன். சம்பந்தியம்மா தண்ணி எடுக்கறேன்னு தொறந்து பாத்துட்டா? எந்த ஃபிரிட்ஜ எப்பத் தொறப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்.

நேத்துப் பத்தரை மணிக்கு ஜீப்னி வந்து நின்னுது. பையன் எறங்குனான், அப்பா, அம்மா. சரி. அப்புறம் ரெண்டு அத்தை. அப்புறம் ஒரு மாமா, அவரு சம்சாரம், அவங்க புள்ளைங்க, ஞானத்தகப்பன், ஞானத்தாய், ஞானத்தாயோட தங்கச்சி. எறங்குறாங்க, எறங்குறாங்க, எறங்கிக்கிட்டே இருக்காங்க. எண்ணிப் பாத்தா பத்தொம்பது. தப்பு சொல்ல முடியாதுங்க. பொண்ணு கேக்கப் போறோம்னா சொந்தக்காரன் எவன் வீட்டுல உக்காந்திருப்பான்? நம்ம வீட்டுலருந்து போனாலும் அப்படித்தான் போவோம். ஆறுன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு.

அந்த நேரத்துலதான் அது வந்துச்சு. ஜீப்னிக்குப் பின்னாடியே ஒரு டிரைசைக்கிள். அதுல வாழ இலையும் காகிதமும் சுத்தி, நீட்டமா, பொன்னெறமா. வாசன மட்டும் சுத்தலுக்குள்ள நிக்கல. கொண்டு வந்தவரு வாசல்ல எறக்குனாரு. பையன் வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரு ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கி உள்ள கொண்டு போயிட்டாங்க.

பொண்ணு கேட்டு வர்றவங்கதானங்க தின்பண்டம் கொண்டாரணும்? மார்செலோ எங்காதுல வந்து, பெரிய எடம்டி, பன்னியோட வந்திருக்காங்கங்கறாரு. அந்தப் பக்கம் அவங்க என்ன நெனச்சாங்க? பொண்ணு வீட்டுக்காரங்க நமக்காகப் பன்னி சொல்லியிருக்காங்கன்னு. சம்பந்தியம்மா எங்கையப் புடிச்சுக்கிட்டு, ஐயோ எதுக்குங்க இவ்வளவு செரமம்னாங்க. நானும், ஐயோ உங்களுக்குத்தான் எதுக்குங்க செரமம்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ்வளவுதான். இந்தப் பன்னி யாருதுன்னு யாராவது கேப்பாங்களா? அவங்க கொண்டாந்திருந்தா, என்னமோ நாம மதிக்கலேன்னு ஆயிடும். நாம வாங்குனதுன்னு அவங்க நெனச்சிருந்தா, கேட்டதும் மானம் போயிடும். எந்தப் பக்கம் திரும்புனாலும் வெக்கம். அதனால எல்லாரும் தின்னாங்க. தோலு பத்து நிமிசத்துல காலி.

ஜொனலினப் பாக்கணுமே நீங்க. அம்மாவ நிமிந்து பாத்துச் சிரிச்சா. அந்த நிமிந்து நடக்கற சம்பந்தியம்மா ரெண்டாவது தட்டு வாங்கித் தின்னாங்க. ஜூன் மாசம் கல்யாணம்னு அந்த மேசையிலயே பேசி முடிச்சாச்சு. போகும்போது ஆளாளுக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்தேன், ஒரு தொடை அப்படியே லிபாவுக்குப் போச்சு. ஜீப்னி ஏறும்போதுதான் அந்தம்மா, உங்க லெச்சோன் பிரமாதம்னு சொல்லிட்டுப் போனாங்க. மார்செலோ திரும்பி என்னப் பாக்கறாரு. நம்ம லெச்சோனா? அப்போ யாருதுடி அது? யாராவது ஞானத்தகப்பன் அனுப்பியிருப்பாரு, போய்த் தூங்குங்கன்னேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க, நல்லா இருக்கு. எனக்கு ராத்திரியிலேருந்து நெஞ்சுல ஒரு கல்லு. அதான், எங்க ஃபேஸ் ஒண்ணுலயும் நாலாவது பிளாக் ஒம்பதாவது வீடு இருக்கு, ஃபேஸ் ரெண்டுலயும் இருக்கு. எத்தன தடவ உங்க வீட்டுக் கடுதாசி எங்க வீட்டுக்கு வந்திருக்கோ, எங்களுது உங்க வீட்டுக்கு வந்திருக்கோ. இந்த மாதிரி நம்பர் போட்டவனத்தான் கூப்புட்டுக் கேக்கணும். என்ன கேட்டீங்க? கொண்டு வந்தவரு பேரு சொல்லி விசாரிக்கலியாவா? விசாரிச்சாரோ என்னமோ, பத்தொம்பது பேரு போட்ட சத்தத்துல எங்க கேக்குது. இருங்க, சோறு கொறைஞ்சுடுச்சு.

பரவால்லன்னு சொல்றீங்களே, பெரிய மனசுங்க உங்களுக்கு. வேற ஒருத்தியா இருந்தா இந்நேரம் எங்குடுமியப் புடிச்சிருப்பா. இன்னொரு பன்னி நாங்க சொல்லி அனுப்பிடறோம், மார்செலோகிட்ட நான் பேசிக்கறேன். வேண்டாமா? தப்பு கடைக்காரங்களுதா? சரி, உங்க இஷ்டம். கடையிலயும் ஒத்துக்கிட்டாங்களா?

யார நிறுத்திட்டாங்க?

அந்த டிரைசைக்கிள்காரரையா? இன்னிக்குக் காலையிலயா? தப்பா எறக்குனதுக்கா வேலைய விட்டு அனுப்புவாங்க? ஓ. தப்பா எறக்குனேன்னு அவரு ஒத்துக்க மாட்டேங்கறாரா. வாங்குன அந்தம்மாவே நான்தான்னு வாயால சொன்னாங்கன்னு மாதா மேல சத்தியம் பண்றாரா. நீங்க பன்னி வரலேன்னதும், வழியில வித்துட்டுக் கதை வுடறான்னு மொதலாளி சொல்லிட்டாரா. எத்தன வருசமா வேலை பாத்தாராம்? பதினொண்ணு. ம்.

அந்தத் தண்ணிய இப்படி நகத்துங்க. ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

அவரு பொய் சொல்லலைங்க.

முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்ச கதைன்னு சொல்வாங்க. நான் முழுப் பன்னியையே மறைச்சுக்கிட்டு அரைமணி நேரமா உங்ககிட்ட வாயடிச்சுக்கிட்டிருக்கேன். மத்ததெல்லாம் நெசம். மார்செலோவுக்குத் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது, யாரும் யாரையும் கேக்கல, அது அத்தனையும் நெசம். எனக்குத் தெரியும்.

டிரைசைக்கிள நிறுத்திட்டுச் சட்டையால மொகத்தத் தொடச்சுக்கிட்டே வந்தாரு. சீட்டைப் பாத்து நிதானமாத்தான் படிச்சாரு. நாலாவது பிளாக், ஒம்பதாவது வீடு, மிஸிஸ் கோர்புஸ், ஃபேஸ் ரெண்டு, இதானங்களான்னாரு. சத்தத்துல எல்லாம் ஒண்ணும் மறையல, மணி அடிச்ச மாதிரி கேட்டுச்சு. நான் திரும்பிப் பாத்தேன். ஜொனலின் வாசல்ல நின்னு எறங்கறவங்கள எண்ணிக்கிட்டிருக்கா. ஒதடு அசையுது. பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது. எண்ணி முடிச்சுட்டு அவ என்னப் பாக்கலைங்க. பக்கத்து வீட்டப் பாத்தா. அங்க ஃபிரிட்ஜுல இருக்கற பதினாலு டப்பாவையும் அம்மா இப்ப எடுத்தாந்துடுவாங்கிற மாதிரி ஒரு பார்வை. ஏழாவது படிச்ச புள்ள மொகம் அப்படியே வந்துடுச்சு.

ஆமா, நான்தான் கோர்புஸ்னேன்.

எடுத்தாந்திருக்கலாம். பதினாலு டப்பாவுல பத்தொம்பது பேருக்கு நான் விருந்தே வெச்சிருப்பேன், ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எங்கை மேல எனக்கு அந்த நம்பிக்கை உண்டு. ஆனா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்ல. அன்னிக்கு ஒரு நாளாவது அவ வெக்கப்படாம நிக்கணும்னு திருடிட்டேன். திருடுனவ புத்திசாலியா இருந்தா ராத்திரியே எலும்பப் பொதச்சிருக்கணும், நாய்க்காவது போட்டிருக்கணும். தலை, காலு, விலா, இவ்வளவு கறி. தூக்கிப் போடக் கை வரலைங்க. விடிஞ்சதும் அடுப்புல வெச்சேன். வாசனை ரெண்டு தெருவு தாண்டிப் போகும்னு தெரிஞ்சேதான் வெச்சேன்.

நீங்க இருங்க, கையக் கழுவாதீங்க, சாப்ட்டு முடிங்க. நான் இந்தச் சட்டைய மாத்திக்கறேன், கடைக்கு ரெண்டு பேருமாப் போவோம். அந்த மொதலாளி முன்னாடி நானே சொல்றேன், அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தும் சொல்றேன். லிபாவுக்கும் தெரிஞ்சுதான் போகும். ஜொனலினா? பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டிருக்கா. இவ்வளவு நேரமா ஒரே துணிய ஒதறிக்கிட்டிருக்கா, எல்லாம் காதுல விழுந்திருக்கும். விழட்டும். கத்துனா கத்தட்டும், அவளுக்கு உரிமை இருக்கு.

ஒண்ணே ஒண்ணுதாங்க மனசு கேக்கல. பன்னிய எறக்கிக் குடுத்துட்டு அவரு போகும்போது திரும்பி வந்து, தொப்பியக் கழட்டிட்டு, பேரப்புள்ள நூறு வருசம் நல்லா இருக்கணும்னு சொன்னாரு. நானும் கூச்சமில்லாம நன்றின்னு வாங்கிக்கிட்டேன். அது உங்க வீட்டுக்கு வர வேண்டியது. கொழந்தைக்கு என்ன பேருங்க வெச்சிருக்கீங்க?